புனேயின் இரண்டு புடவை டீச்சர்

ஊரிலிருந்து யார் புனேவுக்கு வந்தாலும் முதல் நாள் பட்டியலில் தகடுஷேட் கணபதி கோயில் கண்டிப்பாக இருக்கும். தேங்காய், எருக்கம்பூ மாலை, நீண்ட வரிசை, வெளியே வந்ததும் ஒரு போட்டோ. அந்தக் கோயிலுக்கு எதிரே, புத்வார் பேட் சாலையின் மறுபக்கத்தில், இடிந்து விழுகிற நிலையில் ஒரு பழைய கட்டடம் வெகுகாலம் நின்றுகொண்டிருந்தது. கீழே கடைகள் இருந்தன. யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதன் பெயர் பிடே வாடா. (வாடா என்றால் மராத்தியில் நடுவே முற்றம் வைத்துக் கட்டிய பெரிய வீடு.) நீண்ட நாள் வழக்குக்குப் பிறகு, 2023 டிசம்பரில் நினைவிடம் கட்டுவதற்காக அதை இடித்தார்கள்.

அந்த வீட்டில்தான் 1848இல் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அவருக்கு வயது 21, அவருக்கு மனைவியாக வந்த டீச்சரம்மாவுக்கு 17.

பொட்டி தட்டிப் பிழைக்க வந்தவனுக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாகச் சில தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து இறங்குகின்றன. எந்தப் பள்ளி நல்லது, எந்த போர்டு, பீஸ் எவ்வளவு, மராத்தி கட்டாயமா (ஆமாம், 2020இல் சட்டமே போட்டுவிட்டார்கள்) என்று நம்மிடம் விசாரிப்பார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். அட்மிஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் உண்மையான கேள்விகள் வரும். பிள்ளை தினமும் பள்ளிக்குப் போக மறுக்கிறது, என்ன செய்வது? போனாலும் பக்கத்துப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்வதில்லையே, என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளோடு இதே ஊரில் 175 வருடத்துக்கு முன்பே மல்லுக்கட்டியவர்கள் பூலே தம்பதி. நம்முடையதைவிட ஆயிரம் மடங்கு கொடுமையான நிலைமையில்.

பாதியில் நின்ற பையன்

ஜோதிராவே படிப்பைப் பாதியில் விட்ட பையன்தான். பூக்கடைக் குடும்பம். பேஷ்வாக்களுக்குப் பூ கொடுத்ததால்தான் 'பூலே' என்ற பெயரே வந்தது. சாதியில் மாலி, அதாவது தோட்டக்காரர். அப்பா கோவிந்தராவ் பையனை ஆரம்பப் பள்ளியில் சேர்த்தார். ஆனால் கடையில் கணக்கு எழுதிய குமாஸ்தா, படித்தால் பையன் தோட்டத்து வேலைக்கு உதவமாட்டான், கெட்டுப்போவான் என்று ஓதியதும் நிறுத்திவிட்டார். நம்ம ஊரிலும் எத்தனை அப்பாக்கள் எத்தனை குமாஸ்தாக்களின் பேச்சைக் கேட்டிருப்பார்கள்!

பையன் மண்வெட்டியைப் பிடித்தான். ஆனாலும் சாயங்காலத்தில் புத்தகத்தை விடவில்லை. அதைக் கவனித்தவர்கள் இருவர். ஒருவர் அக்கம்பக்கத்திலிருந்த பாரசீக மொழி ஆசிரியர் கஃபார் பேக் முன்ஷி. இன்னொருவர் லிஜிட் என்ற துரை. இருவரும் கோவிந்தராவிடம் பேசிப் பேசி மனதைக் கரைத்தார்கள். 1841இல், 14 வயதில், ஜோதிராவ் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு மறுபடி பெஞ்சில் உட்காருவது அந்த வயதில் சுலபமா என்ன?

அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர் சதாசிவ் பல்லால் கோவண்டே, பிராமணப் பையன். பிற்பாடு பூலேயின் பள்ளிகளுக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் உண்டு. பிடே வாடாவை இடமாகக் கொடுத்த தாத்யாசாகேப் பிடேயும் பிராமணர்தான். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நட்பு, பின்னாளில் ஒரு இயக்கத்துக்கே உதவியது. அதே காலத்தில் இன்னொரு பிராமண நண்பரின் கல்யாண ஊர்வலத்தில் கூடப் போன ஜோதிராவை, சாதியைச் சொல்லி அவமானப்படுத்தி விலகச் சொன்னதும் நடந்தது. அது 1848. பள்ளி தொடங்கியதும் அதே வருடம்தான்.

கல்லும் சாணியும்

சாவித்திரிபாய் சதாரா மாவட்டம் நாய்காவில் 1831 ஜனவரி 3ஆம் தேதி பிறந்தவர். ஒன்பது வயதில் கல்யாணம். கல்யாணமான பிறகுதான் எழுத்தே கற்றார், கணவரிடம். பிறகு அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) சிந்தியா ஃபரார் என்ற அமெரிக்க மிஷனரி நடத்திய இடத்திலும், புனேயிலும் ஆசிரியப் பயிற்சி எடுத்தார்.

அவர் பள்ளிக்கு நடந்து போகும்போது தெருவில் நின்று கெட்ட வார்த்தை பேசினார்கள். சாணியும் சேறும் கல்லும் எறிந்தார்கள். அதனால் கையில் இன்னொரு புடவை எடுத்துப் போவார். பள்ளியில் போய் நல்ல புடவைக்கு மாறிப் பாடம் நடத்துவார். திரும்பும்போது அழுக்கான புடவையையே கட்டிக்கொண்டு வருவார். மறுபடி எறிவார்கள் என்று தெரியுமே!

இந்தக் கதையைப் பள்ளி விழாக்களில் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று தோன்றுகிறது. டீச்சருக்கே இந்தக் கதி என்றால், அந்தத் தெருவில் நடந்து வர வேண்டிய ஏழெட்டு வயதுப் பெண் குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களை அனுப்பிய அம்மாக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டீச்சர் தினமும் அதே தெருவில் நடந்து வந்து, தினமும் சுத்தமான புடவையில் கரும்பலகை முன்னால் நின்றதுதான் அந்த அம்மாக்களுக்குக் கிடைத்த உத்தரவாதம்.

1849இல் கோவிந்தராவ், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, பள்ளியை விடு அல்லது வீட்டை விடு என்று சொல்லிவிட்டார். இருவரும் வீட்டை விட்டார்கள். இடம் கொடுத்தது உஸ்மான் ஷேக் என்ற நண்பரின் குடும்பம் என்பார்கள். அவர் தங்கை ஃபாத்திமா ஷேக்கும் கூடவே பாடம் நடத்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சமீபத்தில் அவர் இருந்தாரா இல்லையா என்றுகூட ஒரு சர்ச்சை கிளம்பியது. சாவித்திரிபாய் 1856 அக்டோபரில் நாய்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஃபாத்திமாவின் பெயர் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் பிறந்த வீட்டில் படுத்திருந்தவர், தான் இல்லாததால் ஃபாத்திமாவுக்குச் சிரமமாக இருக்குமே என்று கவலைப்படுகிறார். அதே கடிதத்தில் அவருடைய சொந்தச் சகோதரரே, மகர், மாங் மக்களுக்குப் பாடம் சொல்லித் தருவதால் உங்களை ஊர் விலக்கிவைத்திருக்கிறது, இதை விடு என்று சொன்னதும், அவர் உட்கார்ந்து பதில் சொன்னதும் வருகிறது.

வீடு வீடாக

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் தானாக வந்துவிடும் என்று அவர்கள் நம்பவில்லை. 1851 ஜூலையில் சிப்ளூண்கர் வாடாவில் ஒன்று, செப்டம்பரில் ராஸ்தா பேட்டில் ஒன்று, 1852 மார்ச்சில் வேதாள் பேட்டில் ஒன்று என்று பள்ளிகள் அடுத்தடுத்துத் திறந்தன. (தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் அதே ராஸ்தா பேட்தான்.) ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டி வர ஆள் போக வேண்டியிருந்தது.

அதில் முக்கியமானவர் லஹுஜி சால்வே. மாங் சாதியைச் சேர்ந்தவர். தாலீம் நடத்திய வஸ்தாத். நம்ம ஊரில் சிலம்பம், மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பவரை வஸ்தாது என்போமே, அதே சொல்தான். ஜோதிராவுக்கே தண்டால், வாள் வீச்சு கற்றுத் தந்தவர். தன் மக்களின் குடிசைகளுக்குப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். வஸ்தாது வந்து சொன்னால் அந்தத் தெருவில் ஒரு மதிப்பு. போகும் வழியில் யாராவது வம்பு செய்தால் கேட்க ஆள் இருக்கிறது என்ற தைரியமும் கூட.

பாதியில் நிற்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பண உதவி கொடுத்தார்கள், பெற்றோரை அழைத்துப் பேசினார்கள் என்று சாவித்திரிபாயின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிள்ளை வயலுக்கோ வேலைக்கோ போகாவிட்டால் வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாது. அதைச் சரிக்கட்டாமல் படிப்பின் அருமையை மணிக்கணக்கில் பேசினாலும் பிரயோஜனம் இல்லை. 1855இல் பகலில் வர முடியாத விவசாயிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். படித்த பெற்றோரின் பிள்ளை பள்ளியை விடாது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்.

முக்தா எழுதியது

இந்த உழைப்பெல்லாம் பலித்ததா? அதற்கு ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் சாட்சி இருக்கிறது. முக்தா சால்வே. மாங் சாதிப் பெண். மூன்றே வருடம் பூலேயின் பள்ளியில் படித்தவள். 1855 பிப்ரவரி 15, மார்ச் 1 தேதியிட்ட 'ஞானோதயா' இதழ்களில் அவள் எழுதிய கட்டுரை இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றியது. எழுத்து கற்ற மூன்று வருடத்தில் ஒரு சின்னப் பெண், நாங்கள் எந்த மதம் என்று ஊரையே கேட்கிறாள். வேதம் எங்களுக்கில்லை என்றால் நாங்கள் மதமே இல்லாதவர்களா என்கிறாள். பேஷ்வா காலத்தில் தாலீம் பக்கம் தன் மக்கள் நடந்தாலே தலை போகும் என்ற கொடுமையை எழுதுகிறாள். கூரைகூட இல்லாத இடத்தில் தங்கள் பெண்கள் பிள்ளை பெறுவதை எழுதுகிறாள்.

அதில் என்னை உலுக்கிய இடம் வேறு. மேல்சாதிப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் மேல் கல்லெறிந்து காயப்படுத்துகிறார்கள், எங்கள் பிள்ளைகள் புகார் சொல்வதில்லை, வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்கிறாள். ஏன் தெரியுமா? மிச்சம் மீதிச் சோறு கேட்டு அதே வீடுகளுக்குத்தான் போயாக வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் துன்புறுத்துவது பற்றி இன்றைக்கு எத்தனையோ கவுன்சிலர்கள் பேசுகிறார்கள். அடிபடும் பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு முக்தா சொன்ன காரணத்தைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

ஒரு பையனுக்காகவா?

முக்தாவின் கட்டுரை வந்த அடுத்த வருடம், 1856 ஜூன். பம்பாய் மாகாணத்தில் இருந்த தார்வாடில் ஒரு மகர் பையன் அரசுப் பள்ளியில் சேர மனுப் போட்டான். மறுத்தார்கள். பம்பாய் அரசுக்கே எழுதினான். அரசு என்ன சொன்னது தெரியுமா? நியாயம் பையன் பக்கம்தான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் ஒருவனுக்காக மற்ற சாதிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தினால் எல்லாரும் விலகிப்போய்ப் பள்ளியே பயனற்றுப் போகும் என்று கைவிரித்தது. முழுக்க அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தவை என்று 1858இல் அறிவிப்பு வந்தது. காகிதத்தில்!

காகிதத்துக்கும் பெஞ்சுக்கும் இருந்த தூரத்தை 1882இல் ஹண்டர் கமிஷனுக்குக் கொடுத்த மனுவில் ஜோதிராவே அளந்து காட்டுகிறார். உயர்சாதிப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார விடாததால் மகர், மாங் பிள்ளைகள் நடைமுறையில் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறார். புனேயில் 5,000க்கும் மேற்பட்ட அந்த மக்களுக்கு இருப்பது ஒரே பள்ளி, வருவது 30க்கும் குறைவான பையன்கள். அதனால் அவர்கள் அதிகமாக இருக்கும் இடங்களில் தனிப்பள்ளிகள் கேட்கிறார். கூடவே 12 வயது வரை எல்லாருக்கும் கட்டாயக் கல்வியும் கேட்கிறார். சமத்துவம் பேசியவர் தனிப்பள்ளி கேட்கலாமா என்று எனக்கே முதலில் இடறியது. 34 வருடம் இந்த வேலையைச் செய்து பார்த்தவர் அவர். பெஞ்சு மாறும்வரை அந்தப் பிள்ளை காத்திருந்தால் வயது போய்விடும். முதலில் எழுத்து கைக்கு வரட்டும் என்ற அவசரம் அது.

இன்னும் இருபது வருடம் கழித்தும் பெஞ்சு மாறவில்லை. புனேயிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் சதாரா. அங்கே பள்ளியில் சேர்ந்த அம்பேத்கர் என்ற சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துண்டில் தனியாக உட்கார்ந்தான். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அட்மிஷன் கிடைத்துவிட்டது, அட்டெண்டன்ஸும் உண்டு. ஆனால் அந்த வகுப்பில் அவர் இருந்தாரா?

கோலாப்பூரில் சாகு மகராஜ் 1917இல் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார், அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போட்டார். 1919இல் தனிப்பள்ளிகளையே மூடி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் உட்காரச் சொன்னார். தார்வாடில் முடியாது என்று அரசு சொன்னதை, 63 வருடம் கழித்து ஒரு சமஸ்தான ராஜா செய்து காட்டினார்.

நம்ம ஊர் பங்கு

நாம் இந்தச் சிக்கலை வயிற்றிலிருந்து தொடங்கினோம். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956இல் காமராஜர் அதை மாநிலத்துக்கே கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. காமராஜர் காலத்தில் 1960இல் சீருடை வந்தது. சட்டையைப் பார்த்து இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்பதைக் கொஞ்சமாவது கடினமாக்கிய ஏற்பாடு. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிடுவது சோற்றுக்கும் மேலான பாடம். சமையல்காரரின் சாதியைச் சொல்லி அந்தச் சோற்றையே பிள்ளைகளைத் தொடவிடாத பெற்றோர் நம்ம ஊரில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம்.

நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

இனி நம் பிள்ளைகள் விஷயம். என் பெண் இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது :-) அவள் பேசும் இந்தியைக் கேட்டு வகுப்பில் 'யண்டு குண்டு' என்று கிண்டல். பள்ளியில் சொன்னால் பிள்ளைகள் விளையாட்டு என்றார்கள். அது தீர்ந்தது எங்கள் புத்திமதியால் அல்ல. இரண்டாவது மாடியில் இருந்த மராத்திப் பெண் ஒருத்தி, அவளுடைய ஆயி சொல்லி, தினமும் வாசலில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போனாள். தன் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். நம்ம எலுமிச்சை சாதத்துக்கு அந்தப் பெஞ்சில் இன்றைக்கும் கிராக்கி.

இதை முக்தாவின் வலியோடு ஒப்பிட்டால் அது அபத்தம். நமக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது, பீஸ் கட்டப் பணம் இருக்கிறது, வேறு பள்ளி மாற்ற வழி இருக்கிறது. ஆனால் மருந்து ஒன்றுதான் என்று அன்று புரிந்தது. யாராவது ஒருவர் வாசல்வரை வர வேண்டும். யாராவது ஒரு பிள்ளை தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டும்.

அந்த இடம் கொடுக்கும் ஆளாக இன்று நாம் இருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் நிறைய. ஹிஞ்சவடியிலும் வாகடிலும் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளைக் கட்ட வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தகரக் கொட்டகை வாசலில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கட்டடம் முடிந்ததும் அடுத்த இடம், அடுத்த கொட்டகை. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை என்று அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். இது அந்தப் பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பள்ளி வாசலில் நின்று பேசக் கூச்சம். புனேயில் டோர் ஸ்டெப் ஸ்கூல் என்ற அமைப்பு இப்படிப்பட்ட பிள்ளைகளின் கொட்டகைக்கே போய் வேலை செய்கிறது. லஹுஜி வஸ்தாது செய்த அதே வேலை.

அதே சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இதிலிருந்து விலக்கு என்று விதியைத் திருத்தியது. ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்த மாதங்களில் நம் அபார்ட்மெண்ட் மக்களிடையே, நம் தமிழர்களிடமும்தான், 'அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்தால் நம்ம பிள்ளை கெட்டுடும்' என்ற பேச்சைக் காதால் கேட்டேன். தார்வாட் பையனுக்கு 1856இல் சொன்ன பதில் இதுதானே? கோவிந்தராவுக்கு அந்தக் குமாஸ்தா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே?

சாவித்திரிபாய் 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, முண்ட்வா சேரியிலிருந்து நோயுற்ற ஒரு சிறுவனை முதுகில் சுமந்து மகன் யஷ்வந்தின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அந்த நோய் தொற்றி மார்ச் 10ஆம் தேதி இறந்தார். 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அங்கே பட்டம் வாங்குவார்கள். சந்தோஷம்தான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஜூனில் உங்கள் பிள்ளையின் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை வரும். மராத்தி தெரியாத பிகார் பிள்ளையாக இருக்கலாம், 25 சதவீதத்தில் வந்த வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். முதல் நாள் சாயங்காலம், என்ன ஹோம்வொர்க் என்று கேட்பதற்கு முன், 'அந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்தது?' என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மறுநாள் டப்பாவில் கொஞ்சம் கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.